பனகல் பார்க் டு எலியட்ஸ் பீச்: மேடே இல்லாத 17 கிலோமீட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வெச்சிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளையும், நடுவுல கேட்ட ஹாரன் சத்தத்தையும் மட்டும் எடுத்துட்டோம்.)

போன ரெண்டு எபிசோடும் ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்துச்சு. இது நடந்துக்கிட்டே கேட்க வேண்டிய எபிசோட்.

போன மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு பத்து பேர் எனக்கு ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "ப்ரோ, ட்ரெக்கிங் போகணும்னா ஏலகிரி, கொல்லிமலைன்னு லீவு போட்டு கிளம்பணும். சென்னைக்குள்ளயே ஒரு நாள் முழுக்க நடக்குற மாதிரி ஏதாவது இருக்கா?" இருக்கு. நான் மூணு தடவை நடந்த ஒரு ரூட் இருக்கு. தி.நகர் பனகல் பார்க்ல ஆரம்பிச்சு, பாண்டி பஜார், அண்ணா சாலை, செம்மொழிப் பூங்கா, ராதாகிருஷ்ணன் சாலை, மெரினா, லூப் ரோடு, பட்டினப்பாக்கம், அடையாறு, கடைசியா எலியட்ஸ் பீச். சுமாரா 16, 17 கிலோமீட்டர் வரும். உங்க காலைப் பொறுத்து இருபத்திரண்டாயிரம் ஸ்டெப்ஸ் பக்கம்.

இதுல மலையே கிடையாது. சென்னை சராசரியா கடல் மட்டத்துல இருந்து ஆறேழு மீட்டர் உயரத்துலதான் இருக்கு. ரெண்டு மாடி வீட்டு உயரம், அவ்வளவுதான். அப்போ ஈஸியான்னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்கு. அதுக்கு வர்றேன்.

ஏரிக்குள்ள ஆரம்பிக்கிற நடை

பனகல் பார்க்குல நின்னு கீழே பாருங்க. நீங்க நிக்கிறது ஒரு ஏரியோட தரை. நிஜமாவே. நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த ஏரிக்கு வெள்ளைக்காரங்க 'லாங் டேங்க்'னு பேர் வெச்சிருந்தாங்க. 1920-கள்ல, நீதிக்கட்சி ஆட்சியில, அந்த ஏரியில ஒரு பகுதியை வடிச்சு, மண் போட்டு, மனை பிரிச்சதுதான் தியாகராய நகர். ஊருக்குப் பேர் சர் பிட்டி தியாகராயர். பார்க்குக்குப் பேர் அப்போ முதலமைச்சரா இருந்த பனகல் ராஜா. பக்கத்துல வெங்கட்நாராயணா ரோட்ல இருக்கிற நடேசன் பார்க், அதே கட்சியைச் சேர்ந்த டாக்டர் நடேசன் பேர்ல. ஒரு கட்சியோட முக்கியப் புள்ளிகள் எல்லாரும் ஒரே நகருக்குள்ள பார்க்காவும் தெருவாவும் இருக்காங்க.

ஏரி போனாலும் பேர் போகலை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்துல 'லேக் வியூ ரோடு' இருக்கு. லேக் எங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. நுங்கம்பாக்கத்துல 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு'. இந்தப் பேரெல்லாம் பழைய கோட்ல யாரும் டெலீட் பண்ணாம விட்ட கமெண்ட் மாதிரி. ஃபங்க்‌ஷனைத் தூக்கிட்டாங்க, அது என்ன பண்ணுச்சுங்கிற குறிப்பு மட்டும் மிச்சம்.

மழைக்காலத்துல தண்ணி மட்டும் அந்தக் குறிப்பை மறக்காம படிச்சுடுது. 2021 நவம்பர்ல தி.நகர் தெருக்கள்ல முட்டி அளவு தண்ணி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? தட்டையான ஊர்ல தண்ணிக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது. பழகின பள்ளத்துலயே வந்து உட்காரும். அதனால இந்த நடைக்கு அக்டோபர், நவம்பர் வேண்டாம். டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் சரியான சீசன்.

கிளம்புற நேரம் காலையில அஞ்சு, அஞ்சேகால். காரணம் சொல்றேன். நாம மேற்குல இருந்து கிழக்கே, கடலைப் பார்த்து நடக்குறோம். ஆறரைக்கு மேல சூரியன் நேரா முகத்துல அடிக்கும். முன்னாடியே கிளம்பினா பாதி தூரம் இருட்டுலயும் விடியல்லயும் போயிடும்.

பாண்டி பஜார் பெஞ்சும் எங்க அம்மாவும்

பனகல் பார்க்ல இருந்து கிழக்கே திரும்பினா பாண்டி பஜார். 2019 நவம்பர்ல இதை நடைபாதை வளாகமா மாத்தித் திறந்தாங்க. ரெண்டு பக்கமும் அகலமான நடைபாதை, உட்கார பெஞ்ச், மரம். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 2014-ல, சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. இந்தியாவுல அப்படி ஒரு கொள்கையை ஏத்துக்கிட்ட முதல் நகரம் நம்ம ஊர்தான். போக்குவரத்துக்கு ஒதுக்குற பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் போகணும்னு அதுல எழுதியிருக்கு. அறுபது! நம்ம தெருவுல நின்னு அந்த வரியைப் படிச்சா ஒரு மாதிரி இருக்கும்.

மூணாவது தடவை இந்த ரூட்ல போனப்போ எங்க அம்மா கூட வந்தாங்க. முழுசா இல்ல, ரெண்டு துண்டு மட்டும். அம்மாவுக்கு தி.நகர் புதுசு இல்ல. ஒரு துணிக்கடையில சேல்ஸ்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை. கடை பேர் இங்க வேண்டாம், எல்லாக் கடையிலயும் அப்படித்தான். காலையில ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கணும். கஸ்டமர் இல்லாத நேரத்துலயும் உட்காரக் கூடாது, சாயக் கூடாது. கடையில ஸ்டூல் இருக்கும், அது கஸ்டமருக்கு. தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு சட்டத் திருத்தம் வந்தது 2021-ல. அதுக்குள்ள அம்மா வேலையை விட்டாச்சு. ரெண்டு முட்டியும் போயாச்சு.

சைதாப்பேட்டையில இருந்து தி.நகருக்கு தினமும் நடந்துதான் போவாங்க. பஸ் காசை மிச்சம் பிடிச்சு எனக்கு நோட்டு வாங்குவாங்க. அன்னைக்கு அஞ்சரை மணிக்கு பாண்டி பஜார்ல கடை எல்லாம் மூடியிருக்கு, பெருக்குறவங்க மட்டும் இருக்காங்க. அம்மா ஒரு பெஞ்ச்ல உட்கார்ந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "இத்தனை வருஷம் இந்த ரோட்ல போயிட்டு வந்திருக்கேன்டா, உட்கார்ந்து பார்த்தது இல்ல."

நான் ஒண்ணும் பேசலை. சும்மா கூட உட்கார்ந்தேன்.

நகரத்துல பெஞ்ச்ங்கிறது அலங்காரப் பொருள்னு நினைக்கிறோம். முட்டி வலி இருக்கிற ஒருத்தருக்கு அடுத்த பெஞ்ச் எங்க இருக்குங்கிறதுதான் எவ்வளவு தூரம் வீட்டை விட்டு வெளியே வரலாம்ங்கிறதையே முடிவு பண்ணுது. முந்நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்ச் இருந்தா அம்மா பீச் வரைக்கும் வருவாங்க. இல்லன்னா தெரு முனைக் கடையோட சரி.

அண்ணா சாலை வந்ததும் அம்மா நின்னுட்டாங்க. "நீ நட, நான் பஸ்ல வர்றேன். ஐஸ் ஹவுஸ்ல பார்ப்போம்." சாதாரண பஸ்ல பெண்களுக்கு 2021-ல இருந்து டிக்கெட் கிடையாதே. பஸ் ஏறும்போது ஒண்ணு சொன்னாங்க: "அப்போ டிக்கெட் காசுக்காக நடந்தேன். இப்போ டிக்கெட்டே இல்லைங்கிறான், நீ என்னடான்னா நடக்கச் சொல்ற."

தட்டையான ரோட்ல அஞ்சு மாடி

இப்போ அந்த 'ஈஸியா' கேள்விக்கு வர்றேன்.

நம்ம ஃபோன்ல ஹெல்த் ஆப் இருக்குல்ல, அது 'ஏறிய மாடிகள்'னு ஒண்ணு காட்டும். நிறைய ஃபோன்ல காத்தழுத்தம் அளக்கிற பாரோமீட்டர் இருக்கு. ஒரேயடியா மூணு மீட்டர் ஏறினா ஒரு மாடின்னு கணக்கு வெச்சுக்கும். இந்த நடை முடிச்சுட்டு பார்த்தா எனக்கு அதுல கிட்டத்தட்ட பூஜ்யம்தான். ஆனா கணுக்கால் வேற கதை சொல்லுது. ஏன்?

ஏன்னா நடைபாதை தட்டை இல்ல. அண்ணா சாலையில நடந்து பாருங்க. ஒரு ஆபீஸ் கேட் வரும், பிளாட்ஃபாரம் சடார்னு இறங்கும். கார் உள்ள போக வசதியா. கேட் முடிஞ்சதும் மறுபடி ஏறும். அடுத்து ஒரு பேங்க், இறங்கு, ஏறு. ஒரு தெரு முனை, இறங்கு, ஏறு. நடுவுல மின்சாரப் பெட்டி வந்தா ரோட்டுக்கே இறங்கணும். எண்ணிக்கிட்டே போனேன். அம்பது வந்ததும் போதும்டா சாமின்னு விட்டுட்டேன்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நடக்கிறவங்களுக்குன்னு ஒரு வழிகாட்டி வெச்சிருக்கு, ஐ.ஆர்.சி. 103. நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, தடை இல்லாம நடக்க குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும்னு அது சொல்லுது. சரி, எல்லா பிளாட்ஃபாரமும் விதிப்படி 150 மில்லிமீட்டர்தான்னு வெச்சுக்குவோம். அதுல நூறு தடவை ஏறினா? 15 மீட்டர். மூணு மீட்டர் ஒரு மாடின்னா அஞ்சு மாடி. மேடே இல்லாத ஊர்ல அஞ்சு மாடி ஏறி, அஞ்சு மாடி இறங்கறீங்க. ஒவ்வொண்ணும் பதினஞ்சு சென்டிமீட்டர்ங்கிறதால ஃபோனுக்குத் தெரியாது. முட்டிக்குத் தெரியும்.

இதைச் சரி பண்ண பெரிய டெக்னாலஜி எதுவும் வேண்டாம். கேட் வர்ற இடத்துல நடைபாதையை அதே உயரத்துல விட்டுட்டு, காரை ஒரு சின்னச் சரிவுல ஏறி இறங்க விட்டாப் போதும். காருக்கு சஸ்பென்ஷன் இருக்கு. யார் ஏறி இறங்கணும்னு யாரோ ஒருத்தர் வரைபடத்துல முடிவு பண்ணியிருக்காங்க. அந்த முடிவைத்தான் தினமும் நம்ம கால் அனுபவிக்குது.

எலியட் ரோட்ல இருந்து எலியட்ஸ் பீச்சுக்கு

ஜெமினியில அண்ணா மேம்பாலம். 1973-ல திறந்தது, சென்னையோட முதல் மேம்பாலம். அமெரிக்கத் துணைத் தூதரகம் எதிர்ல விசா ஃபைலோட நிக்கிறவங்களை விடியற்காலையிலயே பார்க்கலாம். நம்ம லிசனர்ஸ்ல பாதிப் பேர் அங்க நின்னவங்கதான்னு நினைக்கிறேன். கத்தீட்ரல் ரோட்ல திரும்பினதும் செம்மொழிப் பூங்கா. அப்பா, மாமா வயசுல இருக்கிறவங்ககிட்ட கேட்டா "உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்"னு கண்ணு விரியச் சொல்வாங்க. காருக்குள்ள உட்கார்ந்தே தோசை சாப்பிட்ட இடம். 2008-ல மூடினாங்க. அதே இடத்துல 2010 நவம்பர்ல இந்தப் பூங்கா வந்துச்சு. மரங்கள்ல சிலது ஹோட்டல் காலத்து மரங்கள். நீங்க போற நேரத்துல திறந்திருந்தா உள்ள ஒரு ரவுண்டு போங்க. இல்லைன்னா கவலைப்படாதீங்க, ரோட்லயே நிழல் இருக்கு.

மியூசிக் அகாடமி தாண்டினதும் ரோட்டோட பேர் மாறி டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆகுது. குடியரசுத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன் வீடு இந்த ரோட்லதான். அதுக்கு முன்னாடி இதுக்குப் பேர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. 19-ம் நூற்றாண்டுல மெட்ராஸ்ல தலைமை மாஜிஸ்திரேட்டா, போலீஸ் சூப்பிரண்டெண்டா இருந்தவர் எலியட். நாம நடையை முடிக்கப் போற எலியட்ஸ் பீச்சும் அவர் பேர்தான். ரோட்ல அவர் பேர் போயிடுச்சு, மணல்ல நிக்குது.

பீச் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு சின்னப் பாலம். கீழே பக்கிங்காம் கால்வாய், அதுக்கு மேல பறக்கும் ரயில் தூண்கள். ஒரு காலத்துல உப்பும் விறகும் படகுல வந்த கால்வாய் இது. 1877, 78 பஞ்சத்துல நிவாரண வேலையா, பசியில இருந்த மக்களை வெச்சு வெட்டி நீட்டின பகுதி இதுல உண்டு. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் டியூக் பேரை வெச்சுட்டாங்க. வெட்டினவங்க பேர் எங்கயும் இல்ல. மூக்கைப் பொத்திக்கிட்டு அவசரமா தாண்டுற இடம்தான், ஒரு நிமிஷம் நின்னு தாண்டுங்க.

அம்மா கடலைத் தொட்ட இடம்

காந்தி சிலை வந்ததும் வலது பக்கம் திரும்பினா நம்ம ரூட். ஆனா முதல்ல இடது பக்கம் ஒரு முக்கால் கிலோமீட்டர் போயிட்டு வாங்க. விவேகானந்தர் இல்லம், மக்கள் வாய்ல ஐஸ் ஹவுஸ். 1840-கள்ல அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியை வெக்கக் கட்டின கட்டடம். 1897-ல விவேகானந்தர் இங்க தங்கினதால இந்தப் பேர்.

அதுக்கு எதிர்ல மணல் மேல ஒரு பாதை கடலை நோக்கிப் போகும். மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்டது. 263 மீட்டர் நீளம். 2022 நவம்பர் 27-ம் தேதி திறந்தாங்க. ரெண்டு வாரம்கூட ஆகலை, மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பேர்த்துடுச்சு. அப்புறம் சரி பண்ணாங்க.

மெரினா ஏன் இவ்வளவு அகலம்னு யோசிச்சிருக்கீங்களா? இயற்கை இவ்வளவு மணல் கொடுக்கலை. வருஷத்துல பெரும்பகுதி நம்ம கடற்கரையில நீரோட்டம் மணலைத் தெற்குல இருந்து வடக்கே தள்ளிக்கிட்டே இருக்கும். 1870-கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சு, கடலுக்குள்ள சுவர் நீட்டினாங்க. போய்க்கிட்டிருந்த மணலுக்கு வழி அடைஞ்சது. சுவருக்குத் தெற்குல தேங்க ஆரம்பிச்சது. அதுதான் இன்னைக்கு நாம சுண்டல் சாப்பிடுற மெரினா. 1880-கள்ல கவர்னர் கிராண்ட் டஃப் ஓரமா நடைபாதை போட்டு அந்தப் பேரை வெச்சார்.

சுவருக்கு வடக்குல? அங்க போக வேண்டிய மணல் போகலை. ராயபுரம் தாண்டி வடசென்னைக் கரையைக் கடல் தின்னுக்கிட்டே வந்தது. இப்போ அங்க மணலுக்குப் பதிலா பாறாங்கல் கொட்டி வெச்சிருக்காங்க. ஒரே சுவர்தான். தெற்குல பீச், வடக்குல வீடு இழந்த குப்பம். மெரினா மணல்ல நடக்கும்போது இது யாருக்குப் போக வேண்டிய மணல்னு ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

சரி, அம்மா கதைக்கு வர்றேன். முட்டி வலிக்காரங்களுக்கு மணல்ல நடக்கிறது நரகம். ஒவ்வொரு அடியும் உள்ள போகும், இழுத்து எடுக்கணும். கடைசியா எப்போ கடல்ல கால் வெச்சாங்கன்னு கேட்டா, நான் ஸ்கூல் படிக்கும்போதுன்னாங்க. சென்னையிலயே இருக்காங்க, மெரினாவுக்கு வருவாங்க, ரோட்டோர திண்டுல உட்கார்ந்து தூரத்துல கடலைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. அன்னைக்கு அந்தப் பாதையில தனியாவே நடந்தாங்க. நான் பின்னாடி. முடியுற இடத்துல இருந்து அலை வரைக்கும் கொஞ்சம் மணல் இருந்துச்சு. அதுக்கு மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தண்ணி வந்து கால்ல அடிச்சதும், "சேலை நனையுதுடா"ன்னு கத்திக்கிட்டு, பின்னாடி வராம முன்னாடி போனாங்க.

இப்படி ஒரு பாதை போடும்போது "எத்தனை பேர் யூஸ் பண்ணப் போறாங்க?"ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். வீல்சேர்ல வர்றவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க, முட்டி போனவங்க, ஆபரேஷன் ஆனவங்க எல்லாரையும் கூட்டிப் பாருங்க. அதோட, பாதை இல்லாத வரைக்கும் அவங்க அங்க வரவே மாட்டாங்க. வராதவங்களை எண்ணி, தேவையே இல்லைன்னு முடிவு பண்றது தப்பான டேட்டா. சர்வரே டவுனா இருக்கும்போது ட்ராஃபிக் இல்லைன்னு ரிப்போர்ட் போடுற மாதிரி.

திரும்பி காமராஜர் சாலையைத் தாண்டும்போது இன்னொண்ணு கவனிச்சேன். சிக்னல் டிசைன்ல பொதுவா ஒருத்தர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்னு எடுத்துப்பாங்க. 20 மீட்டர் ரோட்டுக்கு 17 விநாடி. அம்மா வேகம் 0.8-தான்னு வெச்சுக்கிட்டா 25 விநாடி வேணும். அந்த எட்டு விநாடி அவங்க நடு ரோட்ல இருப்பாங்க, எதிர்ல பைக்குங்க உறுமிக்கிட்டு நிக்கும்.

அங்க இருந்து அம்மா மறுபடி பஸ் ஏறி வீட்டுக்கு. நான் தெற்கே.

லூப் ரோடு: யாருக்கு ரோடு, யாருக்குத் தெரு

கலங்கரை விளக்கம் தாண்டி லூப் ரோடு ஆரம்பிக்குது. சென்னைக்கு இது நாலாவது கலங்கரை விளக்கம். முதல்ல கோட்டையில, அப்புறம் ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற கல் தூண்ல, அப்புறம் ஹைகோர்ட் கோபுரத்து உச்சியில, 1977-ல இருந்து இங்க.

நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம். ஒரு பக்கம் குடியிருப்பு, ஒரு பக்கம் படகு, வலை, கடல். நடுவுல இந்த ரோடு. சாந்தோம் ஹை ரோட்ல நெரிசல்னா வண்டியை இந்தப் பக்கம் திருப்பி விடுவாங்க. கார்ல போறவங்களுக்கு இது பைபாஸ். இங்க இருக்கிறவங்களுக்கு இது வாசல். வலை காயப் போடுற இடம், மீன் விக்கிற இடம், புள்ளைங்க கிரிக்கெட் விளையாடுற இடம்.

2023 ஏப்ரல்ல போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு ஹைகோர்ட் சொன்னதுக்கு அப்புறம் மாநகராட்சி இங்க ரோட்டோர மீன் கடைகளை எடுத்தாங்க. மீனவர்கள் படகை, வலையை ரோட்ல போட்டுப் போராடினாங்க. அப்புறம் புதுசா மீன் சந்தைக் கட்டடம் கட்டிக் கொடுத்திருக்காங்க. ரோடு வந்த பிறகு கடை வந்துச்சா, கடை இருந்த கரையில ரோடு வந்துச்சாங்கிறது கேள்வி. குப்பத்துக்காரங்க, எங்க கரைக்கு நடுவுலதான் ரோடு வந்துச்சுன்னு சொல்றாங்க. கார்ல இந்த இடத்தை ரெண்டு நிமிஷத்துல தாண்டிடலாம், அப்போ இது 'இடைஞ்சல்'னுதான் படும். நடந்தா அரை மணி நேரம் ஆகும். நெத்திலி காய வெக்கிற வாசனை, வலை பின்னுற தாத்தா, சங்கராவுக்கு பேரம் பேசுற அக்கா எல்லாம் கண்ணுல படும். எனக்கு அந்த அரை மணி நேரம் பிடிச்சிருக்கு. ஒரு ரிக்வெஸ்ட்: அவங்க வீட்டு வாசல்ல நடக்குறோம்ங்கிற நினைப்போட நடங்க. கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க.

இல்லாத பாலம்

பட்டினப்பாக்கம் தாண்டி, சீனிவாசபுரம் ஓரத்துல நின்னா அடையாறு கடல்ல சேர்ற இடம். எதிர்க்கரையில பெசன்ட் நகர். கை நீட்டினா தொடுற மாதிரி இருக்கும். நடுவுல பாதியில நிக்குது உடைஞ்ச பாலம். 1967-ல கட்டினது. மீனவர்களும் மத்தவங்களும் நடந்து, சைக்கிள்ல அக்கரைக்குப் போனாங்க. 1977-ல ஆத்து வெள்ளத்துல உடைஞ்சது. அதோட சரி, யாரும் திரும்பக் கட்டலை. நமக்கு அது சினிமா ஷூட்டிங் ஸ்பாட்.

டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். ஊர்ங்கிறது ஒரு கிராஃப். இடங்கள் நோட், பாதைகள் எட்ஜ். ஒரே ஒரு எட்ஜைத் தூக்கினா பக்கத்துல இருக்கிற ரெண்டு நோடும் தூரமாயிடும். பாலம் இருந்தா அரை மணி நேரத்துல எலியட்ஸ் பீச். இல்லாததால மேற்கே திரும்பி, திரு.வி.க. பாலம் ஏறி, ஊரைச் சுத்தி வரணும். ஒண்ணரை மணி நேரம். வண்டி இருக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் பத்து நிமிஷம்தான். அதனாலதான் யாருக்கும் அது பெரிய விஷயமாத் தெரியலைன்னு நினைக்கிறேன்.

திரு.வி.க. பாலம் ஏறும்போது கவனிங்க. கால்வாய்ப் பாலத்தை விட்டா, இந்த முழு நடையில நீங்க உணர்ந்து ஏறுற மேடு இதுதான். பக்கத்துல பழைய எல்பின்ஸ்டன் பாலம் நிக்கும். இடது பக்கம் முகத்துவாரமும் தியசாபிகல் சொசைட்டி காடும். அலையாத்தி, கொக்கு, நல்லா இருந்தா பூநாரை. கழிவு நீர் வாசனையும் கூடவே வரும், ரெண்டும் சேர்ந்ததுதான் அடையாறு. இறங்கி பெசன்ட் அவென்யூல திரும்பினா சொசைட்டி மதில் ஓரமா மர நிழல். மணி பத்து ஆகியிருக்கும், அந்த நிழலுக்கு நூறு ரூபாய் கொடுக்கலாம்னு தோணும்.

கடைசியில எலியட்ஸ் பீச். அந்த வெள்ளை வளைவு கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர்ல கடல்ல மூழ்கினவங்களைக் காப்பாத்தப் போய் உயிர் விட்ட டென்மார்க் மாலுமி. ஜனவரியில இருந்து இங்க ராத்திரி நேரத்துல இன்னொரு நடை முடியும். மாணவர்கள் 1988-ல இருந்து நடத்துற ஆமை நடை. நீலாங்கரையில ஆரம்பிச்சு, ஆமை முட்டைகளைத் தேடிப் பத்திரமா எடுத்துக்கிட்டு இங்க வருவாங்க. பொதுமக்களும் சேரலாம், சீசன்ல விசாரிங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி

சீக்கிரம் சொல்லிடறேன். ஒரு லிட்டர் தண்ணி, தொப்பி, பழகின ஷூ. புது ஷூ வேண்டவே வேண்டாம். டாய்லெட் கிடைக்கும்போது போயிடுங்க, அப்புறம் பார்க்கலாம்னு இருக்காதீங்க. குறிப்பா கூட வர்ற பெண்களுக்கு மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல சிரமம். முடியலைன்னா பாதியில விடலாம்: அண்ணா சாலையில மெட்ரோ, மெரினா பக்கம் பறக்கும் ரயில், அடையாறுல பஸ். மெட்ரோ வேலைக்கு வெச்ச தகரத் தடுப்பு சில இடத்துல வழியை மாத்தும், சுத்திப் போங்க.

முழுசா நடக்கணும்னு இல்ல. இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க வீட்ல வயசானவங்க யாரையாவது கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடங்க. அவங்க வேகத்துல. எத்தனை தடவை ஏறி இறங்கினாங்க, எங்க உட்கார இடம் தேடினாங்க, எங்க ரோட்டுக்கு இறங்கினாங்கன்னு எண்ணி எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எண்ணிக்கை, தெரு பேர், ஒரு ஃபோட்டோ. வந்ததை வார்டு வாரியாத் தொகுத்து, அந்தந்த வார்டு கவுன்சிலருக்கு அனுப்பலாம்னு இருக்கேன். என்ன பதில் வந்துச்சுங்கிறதை ஒரு எபிசோட்ல சொல்றேன்.

அடுத்த வாரம் சிக்னல் நேரம் எப்படி முடிவு பண்றாங்கன்னு பேசலாம். அதுவரைக்கும், பார்த்து ரோட்டைத் தாண்டுங்க.